மழைக்குப் பயந்த வீடு

ஊரே வானத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்த நாட்களில், மாவு மில்லுக்காரி மட்டும் குனிந்து தரையைப் பார்த்துக்கொண்டு நடந்தாள். மேகம் என்று ஒரு கீற்று கண்ணில் பட்டால் போதும், கடைத்தெருவில் முகங்கள் மலர்ந்துவிடும். "இன்னிக்கு வந்துடும் போலிருக்கே" என்று முன்பின் தெரியாதவர்கள்கூட நின்று பேசிக்கொள்வார்கள். அவளோ நடையை எட்டிப் போடுவாள். மழைக்கு ஏங்கியே வளர்ந்தவள், மழை என்றால் நடுங்குகிறவளாக ஆகிப்போனோமே என்று தன்மேலேயே எரிச்சல் வரும். வெளியில் சொல்லவும் முடியாது. கேட்டவர்கள் வாயால் சிரிக்க மாட்டார்கள்.

பயத்துக்குக் காரணம் வீட்டுக்குப் பின்னால் இருந்தது. ஊரின் கடைக்கோடியில், தார் ரோட்டை ஒட்டினாற்போல அவர்கள் வீடு. முன்னால் மில், நடுவில் கூடம், கூடத்தை ஒட்டி மாமனாரின் அறை, கடைசியில் சமையலறை. மாமனார் இந்த வீட்டைக் கட்டியபோது சமையலறைக் கதவைத் திறந்தால் தூரத்து மேடு வரைக்கும் சமதரைதானாம். மழைத்தண்ணீர் ஓடிய தடமாக ஒரு சின்ன வாய்க்கால் எங்கோ கிடந்ததாம், எட்டிக் கால் வைத்தால் தாண்டிவிடலாம் என்பார். மேட்டுச் சரிவில் அப்போது புல்லும் முள்ளும் புதருமாக மண்டிக் கிடந்தது. முதலில் ஆடுகள் புல்லை மழித்தன. அப்புறம் கரி போடுகிறவர்கள் புதரை வெட்டினார்கள். வெட்டுவதற்கு ஒன்றும் மிஞ்சாமல் போனதும் சூளைக்காரர்கள் வந்து வேரையும் தோண்டிக்கொண்டு போனார்கள். யாரைக் குறை சொல்வது? எல்லார் வீட்டிலும் அடுப்பு எரிந்தாக வேண்டுமே. ஆனால் அதற்குப் பிறகு மேட்டில் விழுந்த தண்ணீர் மண்ணுக்குள் இறங்குவதை விட்டுவிட்டது. வெயிலில் ஓடாக இறுகிய தரைமேல் வழுக்கிக்கொண்டு அத்தனையும் ஒரே பாய்ச்சலாகக் கீழே வந்தது. வருஷத்துக்கு ஒன்றோ இரண்டோ மழைதான். ஒவ்வொன்றும் வாய்க்காலை ஒரு கடி கடித்து வீட்டுப் பக்கம் நகர்த்திவிட்டுப் போனது. இப்போது அது ஆள் இறங்கினால் தலை தெரியாத பள்ளம். சமையலறையிலிருந்து பாத்திரம் கழுவின தண்ணீரை வீசினால் அதற்குள் போய் விழும்.

அவள் புருஷன் வெல்டர். எதற்கும் ஒரு நக்கல் வைத்திருப்பான். பள்ளத்துக்கு "சம்பந்தி" என்று பேர் வைத்திருந்தான். "வருஷத்துக்கு ஒரு தரம் வருவாரு, வந்தா வெறுங்கையோட போக மாட்டாரு. வேற யாரு? சம்பந்திதான்." ஒரு மழையில் துணி காயப்போடும் கம்பம் போனது. இன்னொரு மழையில் குளியலறை. "சம்பந்திக்குக் குளிக்க இடம் இல்லாம இருந்திருக்கு, பாவம்" என்றான். அவளும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே பின்கதவுக்குப் போட்ட தாழ்ப்பாளை இன்னொரு தடவை இழுத்துப் பார்த்தாள். பள்ளத்தைத் தாழ்ப்பாள் போட்டுத் தடுக்க முடியுமா என்ன!

இந்தச் சிரிப்பெல்லாம் கறுப்பி காணாமல் போன அன்றோடு முடிந்தது.

கறுப்பி அவர்கள் ஆடு. வீட்டு முன்னால் கேட்டுப் பக்கத்தில் கட்டியிருந்தார்கள். மழை பெய்து மாதக்கணக்காகிவிட்டது, சுள்ளென்று மத்தியான வெயில். மில்லில் அரைத்துக்கொண்டிருந்தவள் மெஷினை நிறுத்திவிட்டு வெளியே வந்தால் ஆட்டைக் காணோம். முளைக்குச்சி நட்ட இடத்தில் ஒரு ஓட்டை. வாளியின் வாய் அளவுதான், ஆனால் அடி தெரியவில்லை. கயிறு அதற்குள் போயிருந்தது. எட்டி இழுத்தாள். அறுந்த கயிறுதான் கையோடு வந்தது.

"என்னங்க! ஆடு உள்ள விழுந்துடுச்சுங்க!"

வெல்டர் சாப்பாட்டுக்கு வந்திருந்தவன், கையைக்கூடக் கழுவாமல் ஓடி வந்தான். ஓட்டைக்குள் டார்ச் அடித்துப் பார்த்தான். குப்புறப் படுத்துக் கூப்பிட்டான். சத்தமே இல்லை. அந்த நேரம் பார்த்து உள்ளே இருந்து மாமனார் கத்தினார்: "அடேய், ஆட்டை யாருடா வீட்டுக்குள்ள விட்டது?"

"வீட்டுக்குள்ள எங்கப்பா இருக்கு?"

"என் கட்டிலுக்குக் கீழ கத்துது, காது கேக்கலையா?"

இருவரும் ஓடினார்கள். கட்டிலுக்கு அடியில் ஒன்றும் இல்லை, சிமெண்டுத் தரை மட்டும். ஆனால் கத்தல் கேட்டது. சன்னமாக, கிணற்றுக்குள் இருந்து வருகிற மாதிரி. மெல்ல நகர்ந்தது. அறையிலிருந்து கூடத்துக்கு, கூடத்திலிருந்து சமையலறைக்கு. அவர்கள் மேலே நடக்க, அது கீழே நடந்தது. சமையலறைச் சுவரோடு சத்தம் நின்றுபோனது. வெல்டர் பின்கதவைத் திறந்தான். பள்ளத்தின் செங்குத்துச் சுவரில், பாதி உயரத்தில், மண் பொலபொலவென்று உதிர்ந்து ஒரு கறுப்புத் தலை வெளியே நீண்டது. உடம்பெல்லாம் புழுதி அப்பி, கறுப்பி பள்ளத்துக்குள் குதித்து, ஒரு தும்மல் போட்டுவிட்டு நின்றது.

வெல்டர் விழுந்து விழுந்து சிரித்தான். "முன்வாசல்ல நுழைஞ்சு கொல்லைப்புறமா வந்துட்டா பாரு! நம்ம வீட்டுக்கு அண்டர்கிரவுண்ட் ரோடு போட்டிருக்காங்க, நமக்கே தெரியாம!"

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. கேட்டிலிருந்து பள்ளம் வரைக்கும் ஒரு ஆடு நடந்து வருகிற அளவுக்குக் குகை. அதன்மேல்தான் அவர்கள் உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள், படுத்துத் தூங்குகிறார்கள். கொஞ்ச நேரத்தில் அவனும் சிரிப்பை நிறுத்தினான். தன் காலடியைப் பார்த்தான். பிறகு இருவரும், யாரும் சொல்லாமலேயே, சுவரைப் பிடித்துக்கொண்டு கூடத்துக்குத் திரும்பினார்கள்.

மறுநாள் அவளே, ஊரில் மண் ஆபீசு என்று சொல்கிற மண்வளப் பாதுகாப்பு ஆபீசுக்குப் போய்ச் சொன்னாள். அங்கிருந்து ஒரு இளம்பெண் ஜீப்பில் வந்தாள். எல்லாரும் அவளை மண் ஆபீசரம்மா என்று கூப்பிட்டாலும், மில்லுக்காரியை அவள் அக்கா என்றுதான் கூப்பிட்டாள். பள்ளத்தின் சுவரிலிருந்து ஒரு கட்டி மண்ணைப் பெயர்த்து, ஒரு டம்ளர் தண்ணீர் வாங்கி, அதில் மெதுவாகப் போட்டாள். கட்டி உடையக்கூட இல்லை. ஓரங்களிலிருந்து புகை கிளம்புகிற மாதிரி கரைந்தது. பேசிக்கொண்டிருக்கும்போதே டம்ளர் முழுக்கக் கலங்கல் பாலாகிப்போனது.

"நல்ல மண்ணுன்னா உடைஞ்சு அடியில தங்கும், அக்கா. இது கரைஞ்சே போயிடுது. மேல செடி இருந்த வரைக்கும் வேரு புடிச்சு வெச்சிருந்திச்சு. இப்ப வெயில்ல வெடிப்பு விழுது, வெடிப்புல தண்ணி இறங்குது, இறங்கின தண்ணி உள்ளேயே மண்ணைக் கரைச்சுக்கிட்டு பள்ளத்துப் பக்கமா வழி பண்ணிடுது. மேல பார்த்தா ஒண்ணும் தெரியாது."

"ஓட்டையை அடைச்சுட்டா?" என்றான் வெல்டர்.

"அடைச்ச இடத்தை விட்டுட்டு பக்கத்துல போகும். அண்ணா, நான் பயமுறுத்தணும்னு சொல்லல. அடுத்த பெரிய மழைக்கு முன்னாடி நீங்க இங்க இருக்கக் கூடாது."

"எங்க போறது?" என்று அவள் கேட்டாள்.

ஆபீசரம்மா குனிந்து கலங்கல் தண்ணீரைக் கொட்டினாள். டம்ளரைக் கழுவித் திருப்பிக் கொடுத்தாள். "மாத்து இடம் கேட்டு மேல எழுதுறேன். அது எப்ப வரும்னு கேட்டீங்கன்னா, சத்தியமா எனக்குத் தெரியாது. அதுவரைக்கும் சொந்தக்காரங்க வீடு ஏதாவது?"

மாமனார் வாக்கரை ஊன்றிக்கொண்டு வாசலில் நின்றார். இடுப்பு எலும்பு முறிந்ததிலிருந்து அவருக்கு அந்த நாலுகால் கம்பிதான் துணை. "நான் கட்டின வீடும்மா இது. சின்னப் பொண்ணு ஒரு டம்ளர் தண்ணியைக் காட்டினா நான் எந்திரிச்சுப் போயிடணுமா?" என்றார். ஜீப் போன பிறகு வெல்டரும் அப்பா பக்கம் சாய்ந்தான். மில் மெஷின் தரையோடு தரையாக போல்ட் போட்டு இறுக்கியது. பெயர்த்தால் திரும்ப நிறுத்த இடம் வேண்டும், கரண்டு வேண்டும், வாடிக்கை வேண்டும். ஓட்டையில் கல்லும் கம்பியும் போட்டு, கான்கிரீட் ஊற்றி, மேலே பூசினான். "இனி யானை வந்து நின்னாலும் அசையாது" என்றான். சொல்லும்போது அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

அன்றிலிருந்து அவளுக்கு அந்த வீட்டில் கால் பாவவில்லை. தன் வீட்டிலேயே திருடி மாதிரி நடந்தாள். சமையலறை மூலையில் தரைக்கும் சுவருக்கும் நடுவே மயிரிழையாக ஒரு விரிசல் இருந்தது. ஒருநாள் அங்கே உட்கார்ந்து காய் நறுக்கும்போது கணுக்காலில் சில்லென்று காற்று பட்டது. வெளியே அனல் பறக்கிறது, ஜன்னலெல்லாம் சாத்தியிருக்கிறது. விரிசலில் கையை வைத்தாள். காற்று அங்கிருந்துதான் வந்தது, யாரோ மூச்சு விடுகிற மாதிரி, பழைய மண்ணின் வாடையோடு. கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். ஒரு பழந்துணியைச் சுருட்டி விரிசலில் திணித்தாள். மறுநாள் பார்த்தால் துணியைக் காணோம்.

மில்லில் அதைவிட மோசம். மெஷின் ஓடும்போது தரை அதிரும், அது எப்போதும் உள்ளதுதான். ஆனால் இப்போது சிந்திய மாவு ஒரு மூலையை நோக்கித் தானாக ஊர்ந்து போவதைப் பார்த்தாள். மூலைக்குப் போய், குவியாமல், மறைந்தது. கீழே எதன்மேல் விழுகிறதோ? அதற்குப் பிறகு அரைக்க வந்தவர்களை உள்ளே விடாமல் ரோட்டோரத்திலேயே பெஞ்சு போட்டு உட்காரவைத்தாள். "என்ன மில்லு, உள்ள புதையல் கிதையல் எடுக்குறியா?" என்று கேலி பண்ணினார்கள். "உள்ள ஒரே தூசி" என்று சமாளித்தாள். உண்மையைச் சொன்னால் நாளைக்கு யாரும் வர மாட்டார்கள். சொல்லாமல் இருந்து ஏதாவது ஆனால்? அந்த நினைப்பு சோற்றை இறங்கவிடவில்லை.

மழை வந்த அன்று வீட்டின் மேல் மழையே இல்லை. அதுதான் கொடுமை. ஊரில் நல்ல வெயில். மேட்டுக்கு அப்பால் மட்டும் வானம் மை அப்பின மாதிரி இருண்டு, தரைக்கும் மேகத்துக்கும் நடுவே சாம்பல் நிறத்தில் திரை தொங்கியது. வெல்டர் ஒரு கடைக்கு ஷட்டர் போடக் கடைத்தெருவுக்குப் போயிருந்தான். மாமனார் அறையில் படுத்திருந்தார். ஸ்கூல் டீச்சர் ஒருத்தி கோதுமை அரைக்க வந்து, வெயில் தாங்காமல், "அஞ்சு நிமிஷம் நிழல்ல நிக்கிறேன்" என்று உள்ளேயே நின்றுகொண்டிருந்தாள்.

கோதுமையைக் கொட்டப்போன மில்லுக்காரி கையை நிறுத்தினாள். மெஷின் சத்தத்துக்கு அடியில் வேறொரு சத்தம். ஸ்விட்சை அணைத்தாள். பெல்ட் சுற்றி ஓய்ந்தது. மில் அமைதியானது.

தரைக்குக் கீழே தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

முதலில் குழாயைத் திறந்துவிட்ட மாதிரி களகளவென்று. பிறகு கனமாக, எதையோ உருட்டிக்கொண்டு. வெளியே ஒரு சொட்டுக்கூட விழவில்லை.

"என்னங்க அது, மோட்டாரா?" என்றாள் டீச்சர்.

"டீச்சர், வெளிய போங்க. ரோட்டுக்குப் போங்க. மாவு அப்புறம்."

டீச்சர் அவள் முகத்தைப் பார்த்தாள். ஆனால் வெளியே போகவில்லை. "உள்ள யார் இருக்கா?"

"மாமனாரு. நடக்க முடியாது."

இருவரும் அறைக்கு ஓடினார்கள். மாமனார் கட்டிலில் எழுந்து உட்கார்ந்திருந்தார். "மாமா, கிளம்புங்க, தண்ணி வந்துடுச்சு."

"எங்க வந்திச்சு? வெயிலடிக்குது பாரு."

"கீழ வந்துடுச்சு மாமா!"

"போம்மா, உனக்கு எந்நேரமும் இதே கனவு" என்று சொல்லிக்கொண்டே, எழுந்து திட்டுவதற்காக வாக்கரைப் பிடித்தார். பிடித்தவர் அப்படியே நின்றுவிட்டார். வாக்கரின் நாலு கம்பிக் கால்களும் தரையில் ஊன்றியபடி ரீங்கரித்துக்கொண்டிருந்தன. அந்த நடுக்கம் அவர் கை வழியாக ஏறித் தோளைக்கூட ஆட்டியது. கிழவரின் முகம் வெளுத்தது. முதல்முறையாக, பயந்துபோன குழந்தை பார்க்கிற மாதிரி மருமகளைப் பார்த்தார். "என்னைத் தூக்கும்மா" என்றார்.

ஆளுக்கொரு பக்கம் தோள் கொடுத்து, கூடத்தைக் கடந்து, மில்லைக் கடந்து, கேட்டைத் தாண்டினார்கள். வெல்டர் பூசிய கான்கிரீட்டு முழுசாக, அசையாமல் இருந்தது. அதற்கு அரை அடி தள்ளி, புதிதாக ஒரு குழி வாய் திறந்திருந்தது. உள்ளே செந்நிறமாகத் தண்ணீர் சுழன்று போவது தெரிந்தது. அதைச் சுற்றிக்கொண்டு ரோட்டின் மறுபக்கம் போய்ச் சேர்ந்தபோதுதான் அவளுக்கு மூச்சு வந்தது. கறுப்பியை அன்று காலையில் ரோட்டுக்கு அந்தப் பக்கம் கட்டியிருந்தாள், நல்லவேளை.

அதற்குள் மேட்டில் மழையைப் பார்த்துவிட்டு வெல்டர் பைக்கில் பறந்து வந்தான். அப்பாவைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். எல்லாரும் வெளியே இருப்பது தெரிந்ததும் அவன் கண் வீட்டுக்குப் போனது. பைக்கிலிருந்து ஸ்பேனரை உருவிக்கொண்டான்.

"எங்க போறீங்க?"

"மோட்டாரை மட்டும் கழட்டிட்டு வந்துடுறேன். நாலு போல்ட்டுதான்."

"வேணாம்! சொன்னாக் கேளுங்க! வேணாங்க!"

அவன் கேட்டைத் தாண்டி உள்ளே போய்விட்டான். அவளுக்கு என்ன செய்கிறோம் என்று யோசிக்கத் தோன்றவில்லை. பின்னாலேயே ஓடினாள். டீச்சர் கத்துவது கேட்டது. மில்லுக்குள் அவன் குனிந்து முதல் போல்ட்டைத் திருகிக்கொண்டிருந்தான். அவள் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்தாள். "இரு, இரு, வந்துடுச்சு" என்றான் அவன்.

அப்போது வீட்டுக்குள் வெளிச்சம் வந்தது. கூடத்தின் கடைசியில், சமையலறை இருந்த திசையில், திடீரென்று வெயில். சுவர் இல்லை. அடுப்பு இல்லை. நேராக மேடு தெரிந்தது, மொட்டையாக, பளபளவென்று நனைந்து. சத்தம் அதற்கப்புறம்தான் வந்தது. மாமனாரின் கட்டில் கூடத்துக்குள் மெல்லச் சறுக்கி வந்து, ஒரு கணம் விளிம்பில் நின்று, போனது. அவர்கள் காலடியில் தரை பின்பக்கமாகச் சாய்ந்தது. மெஷின், போல்ட்டோடும் சிமெண்டோடும் சேர்ந்து, தலையாட்டுகிற மாதிரி ஒரு முறை ஆடியது.

வெல்டர் ஸ்பேனரைப் போட்டான். சாய்ந்த தரையில் கால் வழுக்கி முழங்கால் இடித்து விழுந்தான். அவள் ஒரு கையால் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையில் அவன் காலரை விடவே இல்லை. துணி கிழிகிற சத்தம் கேட்டது. "புடிச்சுக்கோங்க! என் கையைப் புடிங்க!" அவன் பிடித்தான். ஊர்ந்தும் உருண்டும் இருவரும் வாசலுக்கு வெளியே வந்து விழுந்தபோது, மில் அவர்களுக்குப் பின்னால் அவசரமே இல்லாமல் உள்ளே இறங்கியது. வெள்ளையாக மாவு எழும்பி, கொஞ்ச நேரம் அந்தரத்தில் நின்றது.

அதன் பிறகுதான் மழை ஊருக்குள் வந்தது. கடைத்தெருவில் பையன்கள் கூச்சலிட்டு ஆடுவது இங்கே கேட்டது. ரோட்டோரத்தில் நாலு பேரும் நனைந்துகொண்டு நின்றார்கள்.

இப்போது அவர்கள் வெல்டிங் பட்டறைக்குப் பின்னால் ஒரே அறையில் இருக்கிறார்கள். மாற்று இடம் கேட்டு ஆபீசரம்மா அலைந்துகொண்டுதான் இருக்கிறாள். தினம் ஒரு முறை வந்து, "இன்னும் இல்ல அக்கா" என்று சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொள்கிறாள். வெல்டருக்கு முழங்கால் மடங்கவில்லை, அதைவிட, நக்கல் நின்றுபோனது. மாமனார் காலையில் எழுந்ததும் வாக்கரைத் தரையில் ஊன்றி, கொஞ்ச நேரம் கண்ணை மூடிக்கொண்டு நிற்கிறார். பிறகுதான் அடி எடுத்து வைக்கிறார்.

மழை நின்ற மூன்றாம் நாள் அவள் போய்ப் பார்த்தாள். வீடு இருந்த இடத்தில் பள்ளம் இருந்தது. அதன் தலை ரோட்டை எட்டிவிட்டது. தாரின் ஓரம் கீழே மண் இல்லாமல் நாக்கு மாதிரி தொங்கியது. ரோட்டுக்கு அந்தப் பக்கம் வரிசையாக வீடுகள், அதற்குப் பின்னால் ஸ்கூல். பள்ளம் எந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருக்கிறது என்று அவளுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஒவ்வொரு வீடாகக் கதவைத் தட்டினாள். ஒருவர் பேப்பரை மடிக்காமலேயே, "நம்ம பக்கம் கல்லுத் தரைம்மா, ஒண்ணும் ஆகாது" என்றார். இன்னொருவர், "உங்க வீடு போன வருத்தத்துல பேசுறீங்க, உக்காருங்க, தண்ணி குடிங்க" என்றார். அவளுக்கு யார்மேலும் கோபம் வரவில்லை. இதே வார்த்தைகளை அவள் வீட்டிலேயே கேட்டிருக்கிறாளே.

கடைசி வீடு ஒரு தையல்காரியுடையது. அவள் தையல் மெஷினை நிறுத்தி, முழுவதையும் கேட்டாள். கேட்டு முடித்ததும் அவள் முகத்தில் ரத்தமே இல்லை.

"எங்க வீட்டு முற்றத்துல போன வாரத்துலேர்ந்து ஒரு குழி இருக்கு" என்றாள். "எலி வளைன்னு நினைச்சேன். தண்ணி ஊத்தினேன். ஊத்த ஊத்த போயிக்கிட்டே இருந்திச்சு."

தையல்காரி தைத்துக்கொண்டிருந்த துணியை மெஷினிலிருந்து உருவினாள்.

"நாங்க எங்க போறது, அக்கா?"

மில்லுக்காரி வாசல் பக்கம் எட்டிப் பார்த்தாள். வெளியே மேட்டுப் பக்கம் மறுபடியும் இருட்டிக்கொண்டு வந்தது. புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"அதை அப்புறம் யோசிப்போம். முதல்ல கேஸ் சிலிண்டரை வெளிய எடுத்துடுவோம். குழந்தைங்க எங்க?"

"ஸ்கூல்ல."

"சரி, நீ அந்தப் பக்கம் புடி."

இருவரும் சிலிண்டரைச் சாய்த்து, தரை அதிராமல், மெதுவாக வாசலை நோக்கி உருட்டினார்கள்.